'ஐ லவ் லூசி' சாக்லேட் எபிசோட்: காட்சி காட்சியா பிரிச்சுப் பேசலாம், மேடையில போடவும் வழி சொல்லுங்க

மேடைநிழல்

1950-கள்ல வந்த அமெரிக்க டி.வி. நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூசி'ன்னதும் பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சாக்லேட் ஃபாக்டரிதான். எபிசோட் பேரு 'ஜாப் ஸ்விட்சிங்'. லூசி கொடுத்த செக் பேங்க்ல திரும்பி வருது, புருஷன் ரிக்கி கத்துறான், "சம்பாதிக்கிறது கஷ்டமா, வீட்டைப் பார்த்துக்கிறது கஷ்டமா"ன்னு வாக்குவாதம் வருது. ஒரு வாரத்துக்கு வேலையை மாத்திக்கிறாங்க. லூசியும் அவ சிநேகிதி எத்தலும் மிட்டாய்க் கம்பெனிக்குப் போறாங்க, ரிக்கியும் எத்தலோட புருஷன் ஃப்ரெடும் சமையலறைக்குள்ள நுழையறாங்க. ரெண்டு பக்கமும் நாசம்.

கதை இவ்வளவுதான், சுத்தக் கூத்து. ஆனா எத்தனை தடவை பார்த்தாலும், ஓடற பெல்ட்ல வர்ற சாக்லேட்டுக்கு ரெண்டு பேரும் காகிதம் சுத்தற அந்த பெல்ட் காட்சியில சிரிப்பு அடங்கறதில்ல. ரெண்டு விஷயம் பேசலாம்னு ஆரம்பிக்கிறேன். ஒண்ணு, அந்தக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கு? ரெண்டு, இந்த மாதிரி ஒரு பெல்ட் காட்சியை ஏழெட்டுப் பேர் உள்ள சின்னக் குழு மேடையில போடணும்னா என்னென்ன வேணும், எங்கே சொதப்பும்? அனுபவம் உள்ளவங்க விவரமா சொல்லுங்க.

பழையபெட்டி

முதலில் அடிப்படைத் தகவல்கள். ஒளிபரப்பானது 1952 செப்டம்பர் 15, திங்கள் இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில். இரண்டாவது சீசனின் முதல் எபிசோட். ஆனால் படம்பிடித்தது மே 30-லேயே. லூசியாக நடித்த லூசில் பால் அப்போது கர்ப்பமாக இருந்தார் (மகன் பிறந்தது 1953 ஜனவரி 19), அதனால் அடுத்த சீசனுக்கான சில எபிசோட்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். எழுதியவர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மாடலின் பியூ, பாப் கரோல் ஜூனியர். இயக்கம் வில்லியம் ஆஷர். இந்தத் தொடரில் அவர் இயக்கிய முதல் எபிசோடே இதுதான்.

காட்சியின் கட்டுமானத்துக்கு வருகிறேன். எல்லோரும் வாயில் சாக்லேட் திணிப்பதைத்தான் பேசுவார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்புக்கு அஸ்திவாரம், பெல்ட் ஓடுவதற்கு முன் மேற்பார்வையாளர் சொல்லும் ஒரு நிபந்தனை: காகிதம் சுற்றாத ஒரு சாக்லேட் பக்கத்து அறைக்குப் போனாலும் வேலை போய்விடும். அந்த நிபந்தனை இல்லையென்றால் லூசி என்ன செய்வாள்? கையில் அகப்பட்டதைச் சுற்றுவாள், மீதியை விட்டுவிடுவாள். காட்சி அங்கேயே முடிந்தது. சாக்லேட்டைச் சுற்றவும் நேரமில்லை, விடவும் முடியாது. அப்புறம் மறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வாய், தொப்பி, சட்டைக்குள் என்று அவள் தேடுவதெல்லாம் அந்த ஒரு நிபந்தனையிலிருந்து நேராகப் பிறக்கிறது.

அடுத்து வரிசையைக் கவனியுங்கள். மேற்பார்வையாளர் (எல்வியா ஆல்மன், அந்தக் குரலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது) பெல்ட்டை ஓட்டச் சொல்லிக் கத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கத்துகிறார். அப்புறம்தான் ஓடுகிறது, அதுவும் மெதுவாக. முதல் சில சாக்லேட்டுகளை இருவரும் நிதானமாகச் சுற்றுகிறார்கள், இது ரொம்பச் சுலபம் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்தத் தெம்பு வராமல் பின்னால் வரும் தவிப்புக்கு மதிப்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறார்கள். மேற்பார்வையாளர் திரும்பி வரும் நேரத்தில் மிச்சம் எல்லாம் ஒளிந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு பெல்ட் சுத்தம், இருவரும் பிரமாதமான வேலைக்காரிகள். பாராட்டுகிறார். வேகத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவிடுகிறார்.

இதுதான் உச்சம். அவர்கள் மாட்டிக்கொள்வது திட்டினதால் அல்ல, பாராட்டினதால். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்திலும் பெல்ட் உண்டு. அங்கே முதலாளி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார், தொழிலாளி நசுங்குவான். இங்கே ஏமாற்று வேலை வெற்றிகரமாக முடிந்ததுதான் தண்டனையைக் கொண்டுவருகிறது.

நாடாச்சுருள்

பழையபெட்டி சொன்னதோட படப்பிடிப்பையும் சேர்த்துப் பாருங்க. மூணு 35 மி.மீ. கேமரா ஒரே நேரத்துல ஓடுது, எதிரே கிட்டத்தட்ட முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கிறாங்க. நடு கேமரா முழுக் காட்சியை எடுக்கும், பக்கத்து ரெண்டும் கிட்டத்துல முகத்தை எடுக்கும். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில ஊமைப்படக் காலத்துல பேர் வாங்கினவர், 'மெட்ரோபோலிஸ்' படத்தோட ஒளிப்பதிவுக் குழுவுல இருந்தவர். மூணு கோணத்துக்கும் ஒரே சமயத்துல பொருந்தற மாதிரி மேலேருந்து சீரா வெளிச்சம் கொடுத்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாத்தி வைக்க வேண்டிய வேலையே இல்ல.

இது பெல்ட் காட்சிக்கு ஏன் முக்கியம்னா, தொடர்ச்சி. ஒரே கேமராவை வச்சு துண்டு துண்டா எடுத்திருந்தா, முகத்தைக் காட்டற ஷாட்ல கன்னத்துக்குள்ள எத்தனை சாக்லேட், அடுத்த ஷாட்ல பெல்ட்ல எத்தனைன்னு கணக்கு வச்சே செத்துப்போயிருப்பாங்க. இங்க மூணு ஃபிலிமும் ஒரே நொடியைப் பதிவு பண்ணுது. எடிட்டர் டேன் கான், மூணு திரை உள்ள மூவியோலாவுல பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பார்த்து வெட்டினார். அந்த மெஷினுக்கு அவங்க வச்ச பேரு 'மூணு தலை ராட்சசன்'.

ஜனங்களோட சிரிப்பும் அந்த இடத்துலயே பதிவானது. லூசில் பால் அடுத்த சாக்லேட்டை எடுக்கறதுக்கு முன்னாடி சிரிப்பு ஏறி இறங்கற வரைக்கும் முழிக்கிறாங்களே, அது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆட்களைக் கேட்டுக்கிட்டே செய்யறது. மேடைக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு திருத்தம், ஏன்னா இது எல்லா இடத்துலயும் தப்பா வருது: ஃபிலிம்ல பல கேமரா முறையைக் கண்டுபிடிச்சதே இவங்கதான்னு சொல்றது சரியில்ல. இந்தத் தொடருக்கு வேலை செய்ய வந்த அல் சைமன், அதுக்கு முன்னாடியே 'ட்ரூத் ஆர் கான்சீக்வென்சஸ்' நிகழ்ச்சியில அதைச் செஞ்சவர். இவங்க செஞ்சது, முழு நீளக் கதைக்கு அதை ஒழுங்கா வாராவாரம் ஓட்டிக் காட்டினது.

கோகோவெண்ணெய்

பெல்ட்டையே பேசறீங்க. அதுக்கு முந்தின காட்சி, லூசி சாக்லேட்ல முக்கற இடம், அதைவிட நுட்பம்னு நான் நினைக்கிறேன்.

லூசி பக்கத்துல வாயே திறக்காம வேலை செய்யற அந்த அம்மா நடிகை இல்ல. அமண்டா மில்லிகன், லாஸ் ஏஞ்சலஸ் சீஸ் கேண்டீஸ் கம்பெனியில நிஜமாவே சாக்லேட் முக்கற வேலை பார்த்தவங்க. அவங்க கையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. உருகின சாக்லேட்டைப் பலகை மேல விரல்ல அளைஞ்சுக்கிட்டே இருப்பாங்க, நடுவுல வைக்கற உருண்டையை அதுல உருட்டி, தட்டுல வச்சு, விரலை எடுக்கும்போது மேல ஒரு சுழி. மறுபடி. முகத்துல சலனமே கிடையாது.

அளையறது சும்மா இல்ல. கறுப்பு சாக்லேட்டை 45–50 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உருக்கி, 27–28-க்கு இறக்கி, திரும்ப 31–32-க்குக் கொண்டு வந்தாத்தான் கோகோ வெண்ணெய் சரியான படிகமா உறையும். அப்பதான் பளபளப்பு, உடைச்சா டக்குன்னு சத்தம். சூடு மிஞ்சினா காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா பூக்கும். ஆறிப்போனா கெட்டியாகி உருண்டை மேல கட்டி கட்டியா ஒட்டும். கையால செய்யறவங்க இதை உள்ளங்கை பதத்துலயே கண்டுபிடிச்சுடுவாங்க. லூசி அவங்களைப் பார்த்துக் காப்பியடிச்சு ரெண்டு கையாலயும் பிசைஞ்சு வழிச்சுத் தட்டறா. அசைவு கிட்டத்தட்ட அதேதான், பதம்தான் இல்ல. பக்கத்துல நிஜத் தொழிலாளி இருக்கறதாலதான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு நடிகைகளை வச்சிருந்தா தெரியாது.

மேல போடற சுழிக்கும் அர்த்தம் உண்டு. கையால முக்கற சாக்லேட்ல உள்ள என்ன வகைன்னு காட்ட, மேல ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோடோ வளைவோ போடறது அமெரிக்க மிட்டாய்க் கடைகள்ல வழக்கம். பெட்டியில அடுக்கறவங்க அதைப் பார்த்தே பிரிப்பாங்க. எத்தல் ஏன் பெட்டி அடுக்கற பிரிவுலேருந்து விரட்டப்படறா? என்ன வகைன்னு பார்க்க ஒவ்வொண்ணையும் கிள்ளிப் பார்த்ததால. தொழில் தெரிஞ்சவங்களுக்கு அந்த ஒரு வரி ரெண்டு மடங்கு சிரிப்பு.

அப்புறம் அந்தக் கன்னத்து அறை. லூசி ஈயை அடிக்கறேன்னு சாக்லேட் கையோட அந்த அம்மா முகத்துல ஒண்ணு வைக்கிறா. அவங்க திருப்பி விட்டது சும்மா பாவனை இல்ல, நிஜமாவே பலமா விழுந்துச்சுன்னு லூசில் பால் பின்னால பல தடவை சொல்லியிருக்காங்க.

மேடைநிழல்

அந்தச் சுழி விஷயம் அருமை. இதுவரைக்கும் பார்த்தும் கண்ணுல படாத விவரம் அது.

பெல்ட் செய்யறது பத்தி யாராவது சொல்லுங்களேன். அளவு, வேகம், மோட்டாரா கைச்சுழற்சியா?

ஸ்பானர்

கைச்சுழற்சி. யோசிக்கவே வேண்டாம். மோட்டாருக்கு மேடையில சிரிப்புச் சத்தம் கேட்காது. ஜனம் சிரிச்சா வேகத்தை ஒரு நொடி தாமதிச்சுக் கூட்டணும், அது ஆளால மட்டும்தான் முடியும். பக்கத் திரைக்குப் பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுத்தினா போதும்.

அளவு: மேசை நீளம் 2.5 மீட்டர், உயரம் 90 செ.மீ. பெல்ட்டுக்குக் கெட்டியான கான்வாஸ் துணி, அகலம் 30 செ.மீ., நீளம் சுமார் 5.4 மீட்டர் (மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம், ரெண்டு உருளையைச் சுத்தற அளவு). உருளைக்கு 3 அங்குல பி.வி.சி. குழாய், ரெண்டு முனையிலயும் மரக்கட்டை அடைச்சு நடுவுல இரும்புக் கம்பி. மேல் ஓட்டத்துக்கு அடியில ப்ளைவுட் பலகை கண்டிப்பா வேணும், இல்லேன்னா கை வச்சதும் துணி தொய்யும்.

சொதப்பற இடங்கள்:

பெல்ட் ஒரு பக்கமா நகர்ந்து நகர்ந்து உருளையிலேருந்து விழும். ரெண்டு உருளையும் இணையா இல்லேங்கறதுதான் காரணம். ஒரு பக்க உருளையோட அச்சை நீள்துளையில மாட்டி, ரெண்டு முனையையும் தனித்தனி போல்ட்டால இழுக்கற மாதிரி வச்சுக்குங்க. பெல்ட் எந்தப் பக்கம் போகுதோ அந்த முனையை ஒரு சுத்து இறுக்கணும். கூடவே உருளையோட நடுவுல ரெண்டு மூணு சுத்து டேப் ஒட்டி கொஞ்சம் உப்பலா வச்சா பெல்ட் தானே நடுவுக்கு வரும்.

அடுத்தது வழுக்கல். கைப்பிடி சுத்தும், துணி நகராது. ஓட்டற உருளை மேல பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினா பிடிச்சுக்கும். துணியோட ரெண்டு முனையையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுத் தைக்காதீங்க, தடிப்பு வந்து ஒவ்வொரு சுத்துலயும் சாக்லேட் துள்ளும். முனையோடு முனை வச்சு, அடியில ஒரு பட்டி கொடுத்து, சாய்வாத் தையுங்க.

இப்ப வேகக் கணக்கு. ரெண்டு பேரும் சுத்தறாங்க. ஒரு சாக்லேட்டுக்கு ஒருத்தருக்கு 4 நொடி ஆகும்னு வைங்க. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நிமிஷத்துக்கு 30. சாக்லேட்டை 15 செ.மீ. இடைவெளியில வச்சா, பெல்ட் நொடிக்கு 7.5 செ.மீ. ஓடும்போது வரவும் செலவும் சரியா இருக்கும். "இது சுலபம்"னு அவங்க சொல்ற கட்டம் அதுதான். நொடிக்கு 10 செ.மீ. ஆக்குங்க, நிமிஷத்துக்கு 40 வரும், 10 தேங்கும். ஜனத்துக்கு வேகம் கூடினதே தெரியாது, ஆனா ரெண்டு பேரும் பின்தங்கறது தெரியும். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீங்க. மேற்பார்வையாளர் பாராட்டிட்டுப் போனதும் நேரா 30 செ.மீ. நிமிஷத்துக்கு 120 வரும், 90 மிஞ்சும். இது பார்த்த உடனே எல்லாருக்கும் புரியற வேகம்.

கடைசி வேகத்தை அரை நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. அதுக்கே 60 சாக்லேட். பெல்ட் மேல வைக்கறதுக்கு உள்ளே ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் தட்டு மாத்த, ஒருத்தர் வரிசையா வைக்க. நடிகர்களைவிட அவங்களுக்குத்தான் அதிக ஒத்திகை தேவைப்படும்.

கோகோவெண்ணெய்

ஸ்பானர் சொன்ன அறுபதும் நிஜ சாக்லேட்டா இருக்கக்கூடாது. மேடை விளக்குக்கு அடியில 32 டிகிரி தாண்டினதும் மேல்பூச்சு இளகும், கான்வாஸ்ல ஒட்டும், அடுத்த சுத்துல உருளைக்கு அடியில போய் ஸ்பானரோட ட்யூப் பிடிப்பையும் கெடுத்துடும். நம்மூர்ல ஏ.சி. இல்லாத அரங்குன்னா கேட்கவே வேண்டாம்.

மூணு வகையாப் பிரிச்சுக்குங்க. பெல்ட்ல ஓடற பெரும்பாலானது மரத்துல கடைஞ்சு பழுப்பு பெயின்ட் அடிச்ச உருண்டை. உள்ள ஒளிச்சு வைக்கறதுக்கு பஞ்சு அடைச்ச துணி உருண்டை, சட்டைக்குள்ள போட்டா உறுத்தாது. வாயில போடறது மட்டும் தின்னக்கூடியது, அதுவும் ஒருத்தருக்கு ஆறுக்கு மேல வேண்டாம். மூணும் ஒரே நிறத்துல இருந்தா நடிகருக்கே குழம்பும். தின்னறதுக்கு மட்டும் மேல ஒரு சுழி போட்டுடுங்க, தூரத்துலேருந்து ஜனத்துக்குத் தெரியாது, கிட்டத்துல கைக்குத் தெரியும்.

வாயில போடறதுல முக்கியமா ஜாக்கிரதை வேணும். வாய் நிறைய அடைச்சுக்கிட்டு சிரிப்பு வந்தா மூச்சுக்குழாய்ல இறங்கிடும். வேர்க்கடலை, முந்திரி, கெட்டி மிட்டாய் எதுவும் கூடாது. பேரீச்சம்பழத்தை மசிச்சு கோகோத் தூள்ல உருட்டி, நகத்தளவு தட்டையா செய்யுங்க. கன்னம் உப்பறது சாக்லேட்டால இல்ல, காத்தால. முதல் ரெண்டு உள்ள போனதும் கன்னத்தை ஊதிக்கிட்டு மீதியைக் கையிலேயே மறைச்சுக்கணும்.

அரிசிமூட்டை

ஆண்கள் பக்கத்தை யாருமே பேசல. அது இல்லாட்டி எபிசோடே நொண்டும்.

ரிக்கி செய்யப்போறது 'அர்ரோஸ் கோன் போயோ', கோழியும் சோறும் சேர்ந்த கியூபா வீட்டுச் சமையல். ஆளுக்கு ஒரு பவுண்ட் அரிசின்னு கணக்குப் போடறான். நாலு பேருக்கு நாலு பவுண்ட், அதாவது 1.8 கிலோ. தினம் உலை வைக்கிற நமக்கு இதைக் கேட்டதுமே அடிவயிறு கலங்கும், அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியே சிரிப்பு வந்துடும். 1.8 கிலோ பச்சை அரிசி வெந்தா 5 கிலோ கிட்ட வரும், கொள்ளளவுல கிட்டத்தட்ட 7 லிட்டர். வீட்டுப் பாத்திரம் 4–5 லிட்டர் பிடிக்கும். மீதி எங்க போகும்? மேல கஞ்சி நுரை வேற பொங்கும். பாத்திரத்துலேருந்து வழிஞ்சு தரையெல்லாம் சோறாகி, ரெண்டு பேரும் வழுக்கி விழறது மிகை இல்ல, கணக்குப்படி நடக்கறது.

ஃப்ரெடோட ஏழு அடுக்கு கேக்கும் அப்படித்தான். ஏழு அடுக்கும் சேர்ந்து தட்டையா நிக்குது. பேக்கிங் பவுடர் விட்டுப்போனாலோ, பழசா இருந்தாலோ, மாவைக் கலந்து ரொம்ப நேரம் வெளியில வச்சிருந்தாலோ இதேதான் வரும்.

அதனால பெல்ட் பக்கம் எண்ணிக்கை, சமையல் பக்கமும் எண்ணிக்கை. ரெண்டு கட்சியும் தோக்கறது ஒரே காரணத்தால, வேலையோட அளவு தெரியாததால. எழுதினவங்க இதை அழகா ஜோடி சேர்த்திருக்காங்க.

பழையபெட்டி

ஜோடிப் பொருத்தம் சரி, மறுக்கவில்லை. ஆனாலும் சமையலறைக் காட்சி தரத்தில் ஒரு படி கீழேதான். காரணம், அங்கே நிபந்தனை இல்லை. சோறு வழிந்தால் அடுப்பை அணைத்துவிடலாமே? யாரும் வேலையை விட்டு நீக்கப்போவதில்லை. லூசிக்குத் தப்பிக்க வழியில்லை, ரிக்கிக்கு உண்டு. ஆகவே அங்கே சிரிப்பு வழுக்கி விழுவதில் முடிகிறது, பெல்ட்டில் சிரிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

அரிசிமூட்டை

நிபந்தனை உண்டு, சொல்லாம விட்டிருக்காங்க. பந்தயம் போட்டிருக்கு. பொண்டாட்டி வர்றதுக்குள்ள சோறு தயாராகலேன்னா தோத்த மாதிரி. அடுப்பை அணைச்சா தோல்வியை ஒத்துக்கணும். அதனாலதான் வழியற சோத்தைத் திரும்பத் திரும்பச் சமாளிக்கப் பார்க்கிறாங்க.

கடைசிவரிசை

எனக்கு எபிசோடோட முடிவுல ஒரு நெருடல் உண்டு. கடைசியில அவரவர் வேலைக்குத் திரும்பிடறாங்க. பெண்ணுக்கு வெளிவேலை வராது, ஆணுக்கு வீட்டு வேலை வராதுன்னு 1952 அமெரிக்கா கேட்க விரும்பினதைச் சொல்லி முடிச்ச மாதிரி இருக்கு. ஆனா அந்த செட்ல நடந்தது நேர் எதிர். லூசில் பால், ரிக்கியா நடிச்ச தன் நிஜப் புருஷன் தேசி அர்னாஸோட சேர்ந்து, தொடரைத் தயாரிச்ச டெசிலு கம்பெனியின் பங்குதாரர். எழுதின மூணு பேர்ல ஒருத்தர் மாடலின் பியூ, பெண். ஸ்பான்சர் நியூயார்க்லேருந்து நேரலையா செய்யச் சொன்னப்போ, ஹாலிவுட்லயே ஃபிலிம்ல எடுக்கறதுக்காக ரெண்டு பேரும் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு, பதிலுக்கு எபிசோட்களோட உரிமையைக் கையில வச்சுக்கிட்டாங்க. நாம இன்னிக்குத் துல்லியமான பிரதியில இதைப் பார்க்கறதுக்குக் காரணமே அந்த முடிவு. இவ்வளவு தெரிஞ்ச பெண், திரையில செக் புத்தகம் கையாளத் தெரியாதவளா நடிக்கிறா.

பழையபெட்டி

நெருடல் நியாயம்தான். ஆனால் கடைசி நிமிடத்தை மறுபடி பாருங்கள். சமாதானமாகி, கணவர்கள் அன்போடு கொண்டுவந்து நீட்டுவது என்ன? ஆளுக்கு ஐந்து பவுண்ட் சாக்லேட் பெட்டி. பெண்கள் முகம் போகும் போக்கு! மனைவி எங்கே வேலைக்குப் போனாள், என்ன பட்டாள் என்பதைக் கணவனுக்கு அந்த நிமிடம் வரை விசாரிக்கத் தோன்றவில்லை. அதை எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள்.

நாடாச்சுருள்

மேடைநிழல், இன்னொண்ணு. வசனத்தை அப்படியே எடுத்து டிக்கெட் போட்டு நடத்தறதுன்னா உரிமை வாங்கணும். பெல்ட், வேகம், ஒளிக்கறதுங்கற உத்தி யாருக்கும் சொந்தமில்ல. உங்க ஊர்த் தொழிலுக்கு மாத்தி எழுதுங்க. ஆனா பழையபெட்டி சொன்ன மூணும் அதுல இருக்கணும்: ஒண்ணுகூட தப்பக்கூடாதுங்கற நிபந்தனை, ஆரம்பத்துல தெம்பு, பாராட்டினதால வர்ற ஆபத்து.

உடையைத் தைக்கும்போதே ஒளிக்கற இடத்தையும் சேர்த்துத் தைங்க. தொப்பி உயரமா, உள்ள துணிப்பை வச்சு. சட்டை முன்பக்கம் இடுப்புல இறுக்கமான பெல்ட், இல்லேன்னா போட்டதெல்லாம் கால் வழியா கீழ விழுந்து உருண்டு ஓடும்.

மேடைநிழல்

தேன்குழல், அதிரசம் பாக்கெட் போடற தீபாவளி ஆர்டர்னு மாத்தலாமா? உருண்டையா இருக்கணும்னா லட்டு.

ஸ்பானர்

லட்டுன்னா உருளும். பெல்ட் ஓரத்துல ரெண்டு பக்கமும் 2 செ.மீ. உயரத்துக்கு மரச்சட்டம் அடிச்சுடுங்க, லட்டுக்கு அடியைத் தட்டையா செய்யுங்க. 30 செ.மீ. வேகத்துக்குத் திடீர்னு தாவும்போது உருண்டையா இருக்கிறதெல்லாம் பின்னாடி உருண்டு வந்து இடைவெளி கெட்டுப்போகும், கணக்கு மொத்தமும் தப்பும். பெல்ட்ல 15 செ.மீ.க்கு ஒரு இடத்துல பென்சில் கோடு போட்டு வச்சா உள்ளேருந்து வைக்கறவருக்குக் கை தானே போகும். முதல் நாலு ஒத்திகையை நடிகர் இல்லாம நடத்துங்க. சுத்தறவர், தட்டு மாத்தறவர், வைக்கறவர், இந்த மூணு பேர் போதும்.